ஒக்லாளுக்குக் கிடைத்த நிலம்

கன்றுக்குட்டியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஆலய முற்றத்தின் கல்தளத்தில் ஒரு பாதியை இந்தப் பக்கமும் மறு பாதியை அந்தப் பக்கமுமாகப் போட்டிருந்தார்கள். நடுவில் ஓர் ஆள் நடக்கிற அளவுக்கு வழி. அந்த வழியில் எருசலேமின் பெரிய மனிதர்கள் ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். என் வீட்டில் இருக்கும் எபிரெய அடிமைகளை விட்டுவிடுகிறேன், சொன்ன சொல்லை மீறினால் இந்தக் கன்றுக்கு நேர்ந்தது எனக்கும் நேரட்டும் என்று ஒவ்வொருவரும் ஆணையிட்டார்கள்.

முற்றத்தின் ஓரத்தில் அடிமைகள் நின்றார்கள். மிக்னேயாவின் வீட்டில் மாவரைக்கும் ஒக்லாளும் பதினோரு வயதான அவள் மகள் நாராளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். யார் என்ன ஆணையிட்டார்கள் என்று கூட்டத்தில் பாதிப் பேர் காதில் வாங்கவில்லை. எல்லோர் கண்ணும் கன்றின் மேல் இருந்தது. பாபிலோனின் கல்தேயர் படை மதிலைச் சுற்றி வளைத்து மாதக்கணக்காகியிருந்தது. கறி என்பதன் நிறமே மறந்துபோயிருந்தது.

"அம்மா, அத அப்புறம் என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள் நாராள்.

"சத்தியம் பண்ணின கறிடீ. மனுசர் தின்னக்கூடாது. பள்ளத்துல வீசிடுவாங்க. கழுகு தின்னும்."

பக்கத்தில் நின்ற இத்தாய் என்பவன் கனைத்தான். மிக்னேயாவின் கழுதைகளை ஓட்டிக்கொண்டிருந்தவன். ஒரு கால் குட்டை, வாய் மட்டும் நீளம். "இன்னைக்கு நெசமாவே விடுதலை கழுகுக்குத்தான், புள்ள" என்றான்.

மிக்னேயாவின் முறை வந்தது. குட்டையான, சதைப்பிடிப்பான மனிதர். அங்கியின் ஓரத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இரத்தம் படாத இடமாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து நடந்தார். அவர் உதடு அசைந்தது. குரல் ஒக்லாள் நின்ற இடம் வரை வரவில்லை.

ஆறு வருஷம் உழைத்தால் ஏழாம் வருஷம் போகலாம் என்பது சட்டம். ஒக்லாளுக்கு இது பத்தாவது வருஷம். நெத்தோபா ஊரில் அவளுக்கும் அவள் புருஷன் ஆசேலுக்கும் ஒரு மலைச்சரிவு திராட்சை நிலம் இருந்தது. இரண்டு வருஷம் மழை பொய்த்தபோது மிக்னேயாவிடம் வாற்கோதுமை வாங்கித் தின்றார்கள். முதலில் நிலம் போயிற்று, பிறகு அவர்களே போனார்கள். கைக்குழந்தையோடு அந்த வீட்டுப் படியேறியவள் அவள். நான்காம் வருஷம் ஆசேல் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். ஏழாம் வருஷம் வந்ததையும் போனதையும் அந்த வீட்டில் யாரும் பேசவில்லை.

அன்று மாலை மிக்னேயா தன் ஏழு அடிமைகளையும் வாசலில் நிறுத்தினார். அவர் மனைவி சிபியாள் தானிய அறைக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"போங்க. இன்னைலேருந்து நீங்களும் என்னைப்போலத்தான். நானும் நீங்களும் ஒரே ஆபிரகாமோட பிள்ளைங்க" என்றார் மிக்னேயா.

இத்தாய் தலையைச் சொறிந்தான். "எசமான், விடுறப்போ வெறுங்கையா விடக்கூடாதுன்னு சட்டத்துல இருக்கில்ல? களத்துலேருந்தும் ஆலையிலேருந்தும் கை நிறையக் குடுத்து அனுப்பணும்னு..."

"கை நிறைய விடுதலை குடுத்திருக்கேனே, பத்தலையா?"

கதவு சாத்தப்பட்டது. தெருவில் இறங்கிய பிறகுதான் ஒக்லாளுக்கு விஷயம் உறைத்தது. அந்த வீட்டில் சாப்பிடுகிற வாய் இன்றோடு ஏழு குறைந்தது.

மதிலோரம், ஓட்டுச் சில்லுகளைக் கொட்டுகிற வாசலுக்குப் பக்கத்தில், விடுதலையானவர்கள் கூளத்தையும் கந்தலையும் கட்டிக் குடிசை போட்டார்கள். பகலெல்லாம் உடைந்த மதிலுக்குக் கல் சுமந்தால் சாயங்காலம் ஆளுக்கு ஒரு வட்ட அப்பம் கிடைத்தது. ஒக்லாள் தன் அப்பத்தில் பாதியை மகளுக்குக் கொடுத்தாள்.

இப்படி இருபது நாள் போயிருக்கும். ஒரு காலையில் மதில்மேல் நின்றவர்கள் கூத்தாட ஆரம்பித்தார்கள். எகிப்து ராஜாவின் படை தெற்கே கிளம்பிவிட்டதாம். அதை எதிர்க்கக் கல்தேயர் கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்களாம். நண்பகலுக்குள் மலைச்சரிவுகள் காலியாயின. நெருப்பு வைத்த கரிக்குழிகளும் குதிரைச் சாணமும்தான் மிச்சம். ஆலயத்தில் கொம்பு ஊதினார்கள். "சமாரியா விழுந்துச்சுன்னா அது கண்ட சாமியக் கும்பிட்ட ஊரு. இது கர்த்தர் வீடு இருக்கிற ஊரு. இத யாரால தொட முடியும்?" என்று தெருவெல்லாம் ஒரே பேச்சு. வாசற்கதவுகளைத் திறந்தார்கள்.

திறந்த அன்றே ஒக்லாள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நெத்தோபாவுக்கு நடந்தாள். தனக்கும் போக ஊர் ஏதும் இல்லை என்று இத்தாயும் கூட நொண்டிக்கொண்டு வந்தான்.

ஊரில் ஆள் இல்லை. வீடுகளின் கூரை மரத்தைக்கூடப் படைக்காரர்கள் உருவிப்போயிருந்தார்கள். ஒலிவ மரங்களை அடியோடு வெட்டி மதிலேற மண்ணும் மரமும் போட்டு எழுப்பும் மேட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஆனால் கொடிகளை யாரும் தொடவில்லை. கத்தி படாமல் தரையெல்லாம் படர்ந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கணுவுக்குக் கணு தளிர் விட்டுக்கொண்டிருந்தது ஆசேலின் நிலம். ஒக்லாள் அந்தக் கொடிகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். எழுந்திருக்கவே இல்லை. நாராள் பயந்துபோய், "அம்மா, காலு சுளுக்கிக்கிச்சா?" என்று கேட்டாள்.

மறுநாள் ஒரு துருப்பிடித்த அரிவாளைத் தேடி எடுத்துக் கல்லில் தீட்டிக் கவ்வாத்து பண்ண ஆரம்பித்தாள். பருவம் பிந்திவிட்டது, வெட்டின இடத்திலெல்லாம் கொடி நீர் சொட்டியது. எந்தக் கணுவை விடவேண்டும், எதை எடுக்கவேண்டும் என்று மகளுக்குக் காட்டினாள். நாராள் வெட்டின கொடிகளைச் சுருட்டிக் கரையில் அடுக்கினாள். காட்டுக் கீரையும் வெட்டுக்கிளியும் தின்றார்கள். நாராள் ஒரு நாள் பாட்டுக்கூடப் பாடினாள். அவளுக்குப் பாடவரும் என்பது ஒக்லாளுக்கு அன்றுதான் தெரிந்தது.

இத்தாய் மட்டும் வேலையில் மனம் வைக்கவில்லை. பாறைமேல் ஏறித் தெற்கே பார்ப்பதும் இறங்கி வருவதுமாக இருந்தான்.

"புள்ள, எகிப்துக்காரன் கோரைத்தண்டு. ஊன்றினா ஒடிஞ்சு கையில குத்தும். கல்தேயன் திரும்பி வருவான். வா, யோர்தானைத் தாண்டிடுவோம். மோவாபுல எங்க அத்தை மகன் ஆடு மேய்க்கிறான்."

"என் நிலம்ணே இது."

"நிலம் எங்கயும் ஓடிடாது. நீதான் ஓடணும்."

"பத்து வருசம் கழிச்சு இப்பதான் கால் வச்சிருக்கேன். இந்தக் காய்ப்பையாச்சும் பாத்துட்டு வரேன்."

"சரி, நீ பாரு. பிள்ளையயாச்சும் என்கூட அனுப்பு. என் மக மாதிரி பாத்துக்கிறேன். எல்லாம் அடங்கினதும் வந்து கூட்டிக்கோ."

நாராள் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அவளுக்குப் போக ஆசை. மோவாபில் பால் உண்டு என்று இத்தாய் அவளிடம் சொல்லியிருந்தான். ஒக்லாள் யோசித்தாள். சரிவின் மேல் படியில் முப்பது கொடி இன்னும் பாக்கி இருந்தது. ஒற்றை ஆளாக முடியாது.

"இவ இல்லாம எனக்குக் கை ஓடாதுண்ணே" என்றாள்.

விடிந்ததும் இத்தாய் கழியை ஊன்றிக்கொண்டு கிழக்கே இறங்கிப் போனான். நாராள் கரைமேல் ஏறி நின்று அவன் தலை மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை.

அவன் போய் ஆறாம் நாள் மிக்னேயாவின் ஆட்கள் மூன்று பேர் வந்தார்கள். கையில் கயிறு இருந்தது.

"எதுக்கு?" என்றாள் ஒக்லாள்.

"எதுக்குன்னா? வீட்ல மாவரைக்க ஆள் இல்ல. எசமானியம்மா கையெல்லாம் கொப்புளமாம்" என்று சொல்லி ஒருவன் சிரித்தான்.

தாயையும் மகளையும் ஒரே கயிற்றில் கட்டி எருசலேமுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். ஊருக்குள் நுழைகிறபோதே தெரிந்தது, இவர்கள் மட்டுமல்ல. ஒவ்வொரு வாசல் வழியாகவும் கயிற்றில் கட்டின ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். கன்றின் நடுவே நடந்த அத்தனை பேரும் தங்கள் அடிமைகளைத் திரும்பப் பிடித்தார்கள். காவல் வீரர்களே கயிறு இரவல் கொடுத்தார்கள்.

மிக்னேயா கூடத்தில் உட்கார்ந்து அத்திப்பழம் தின்றுகொண்டிருந்தார். பாதை திறந்ததும் வந்த புதுப்பழம்.

"எசமான்" என்றாள் ஒக்லாள். அந்த வீட்டில் அவள் கேள்வி கேட்டதே இல்லை. "ரெண்டு துண்டுக்கு நடுவுல நடந்தீங்களே. நான் பாத்தேனே."

"நடந்தேன். இல்லன்னு சொன்னேனா?"

"அப்ப நானு?"

அவர் காம்பைக் கிள்ளித் தட்டில் போட்டார். கோபமே இல்லாமல், பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி சொன்னார். "அது எனக்கும் கர்த்தருக்கும் உள்ள பேச்சு. உனக்கும் எனக்கும் உள்ளது இல்ல. ஆபத்து வந்துச்சு, நேர்ந்துகிட்டேன். அவரும் படையத் திருப்பிட்டாரு. முடிஞ்சுபோச்சு. அதுக்குள்ள நீ எதுக்கு வர்ற?"

சிபியாள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "பேச்சு போதும். அவளை வெளித் திரிகைக்கல்லுல உக்காரச் சொல்லு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு மாவு வேணும்."

பத்து நாளில் எகிப்துப் படை வந்த வழியே திரும்பிப் போயிற்று. கல்தேயர் மறுபடி வந்து அதே குழிகளில் கூடாரம் அடித்தார்கள். இந்த முறை மேடு மதிலின் தோள் வரை ஏறியது.

அந்த இரண்டாம் முற்றுகையைப் பற்றி ஒக்லாள் பின்னாளில் யாரிடமும் பேசியதில்லை. கழுதைத் தலை விலைபோனது. புறா எச்சத்தைக்கூடக் காயவைத்து எரித்தார்கள். செருப்பு வாரை வேகவைத்த தண்ணீரைக் குடித்தார்கள். எதிர்வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தன, பிறகு ஒன்று இருந்தது; யாரும் கேட்கவில்லை. மிக்னேயாவின் வீட்டில் மட்டும் திரிகைக்கல் சத்தம் நிற்கவில்லை. வரவர அரைபடுவது உமியும் பழங்கொட்டையுமாக இருந்தது, இருந்தும் அரைத்தார்கள். தெருவில் பசியில் கிடந்தவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கதவைத் தட்டுவார்கள். சிபியாள் திறக்க மாட்டாள்.

படுக்கையறையில், மிக்னேயாவின் கட்டிலுக்குக் கீழே, ஒரு பானை வாற்கோதுமை இருப்பது ஒக்லாளுக்குத் தெரியும். அவள் மகளுக்குச் சொன்னதில்லை. பிள்ளையின் மூக்கு தானாகக் கண்டுபிடித்துவிட்டது.

ஒரு மத்தியானம் சிபியாளின் அலறல் கேட்டு ஒக்லாள் ஓடினாள். நாராளின் மணிக்கட்டை சிபியாள் முறுக்கிப் பிடித்திருந்தாள். மூடின சின்னக் கை திறக்க மறுத்தது. ஒவ்வொரு விரலாகப் பிரித்தபோது தரையில் உதிர்ந்தது ஒரு பிடி வாற்கோதுமை. பிடிகூட இல்லை, அரைப்பிடி.

"திருட்டுக் கழுதை! தின்ன வீட்டுக்கே..."

"எசமானியம்மா, பச்சப்புள்ள. பசியில தெரியாம எடுத்துட்டா. அடிங்க, என்னை அடிங்க."

மிக்னேயா வாசற்படியில் வந்து நின்றார். ஆளே பாதியாக இளைத்திருந்தார், சதை தொங்கியது. தரையில் கிடந்த மணிகளை ஒரு முறை எண்ணுவதுபோலப் பார்த்தார்.

"அடிச்சு என்ன ஆகப்போகுது" என்றார். "இதுங்களை இனி வச்சுக்க முடியாது. விட்டுடு."

"விட்டுடுன்னா?"

"விடுதலைதான். கேட்டாளே அன்னைக்கு. குடுத்துட்டேன். போகச் சொல்லு."

சிபியாள் குனிந்து மணிகளைப் பொறுக்கினாள். பொறுக்கி முடிக்கிற வரை நிமிரவில்லை. ஒக்லாள் மகளோடு தெருவில் நின்றபோது பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

நாராள் மூன்றாம் நாள் செத்துப்போனாள். மதிலோரக் குடிசை இருந்த இடத்தில், சுவரில் சாய்ந்தபடி. கடைசி நாள் மோவாபைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். "இத்தாய் மாமா இப்ப பால் குடிச்சிட்டிருப்பாரா?" என்று கேட்டாள். "குடிப்பாரு" என்றாள் ஒக்லாள். "எனக்கும் கொஞ்சம் வச்சிருப்பாரு" என்றாள் பிள்ளை.

புதைக்க இடமில்லை, தோண்ட ஆளுமில்லை. மதிலுக்குக் கீழே பள்ளத்தில் எல்லோரையும் போடுகிற இடத்தில் தானே தூக்கிக்கொண்டுபோய்க் கிடத்தினாள். தூக்குவதற்கு ஒன்றும் கனமாக இல்லை. ஒரு கட்டு வெட்டின கொடியைத் தூக்குவது போலத்தான் இருந்தது.

நாராளைக் கிடத்திய ஒன்பதாம் நாள் மதில் உடைந்தது. ராஜாவும் சேனை வீரர்களும் தோட்டத்து வழியாக ஓடிப்போனார்கள், பிடிபட்டார்கள் என்றெல்லாம் பிறகு சொன்னார்கள். ஒக்லாளுக்கு அதிலெல்லாம் மனம் ஒட்டவில்லை. ஒரு மாதம் கழித்து ஆலயத்துக்குத் தீ வைத்தபோது, ஊர்க்கிழவர்கள் மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டு அழுதார்கள். அவள் நின்று பார்த்தாள். தேவதாரு உத்திரங்கள் வெடித்து விழுகிற சத்தம் மட்டும் அவளுக்குப் புதிதாக இருந்தது.

உயிரோடு இருந்தவர்களையெல்லாம் வடக்கே ஒரு காத தூரத்தில் ஒரு வெட்டவெளிக்கு ஓட்டிக்கொண்டுபோய்ப் பிரித்தார்கள். இடது பக்கம் பெரிய மனிதர்கள், எழுத்தர்கள், கொல்லர்கள், தச்சர்கள். காலில் விலங்கு, பாபிலோனுக்கு. வலது பக்கம் ஒன்றுமில்லாதவர்கள். ஒன்றுமில்லாதவர்களைக் கொண்டுபோய்ப் பாபிலோன் என்ன செய்யும்? நிலம் தரிசாகப் போகக்கூடாது, வரி வரவேண்டும். அதனால் ஆளுக்கொரு திராட்சை நிலம் எழுதிக் கொடுத்தார்கள்.

மேசையில் உட்கார்ந்திருந்த கல்தேய எழுத்தன் அரமேயத்தில் கேட்டான். பக்கத்தில் நின்ற யூதன் ஒருவன் மொழிமாற்றினான்.

"கவ்வாத்து தெரியுமா?"

"தெரியும்."

"எந்த ஊர்?"

"நெத்தோபா. கிழக்குச் சரிவு. எங்க நிலம் இருந்துச்சு. மிக்னேயா எடுத்துக்கிட்டாரு."

எழுத்தன் தலைகூடத் தூக்காமல் ஓட்டுச் சில்லில் எழுதினான். "அந்தச் சரிவு முழுசும் உனக்கு. அவன் நிலமும் சேர்த்து. கூட ஆள் யாரும் உண்டா?"

தன் ராஜா பத்து வருஷம் காதில் போட்டுக்கொள்ளாததை எதிரி ஒரு மூச்சில் முடித்துவிட்டான். ஒக்லாளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. மொழிமாற்றுகிறவன், "பைத்தியமா நீ? கேட்டதுக்குப் பதில் சொல்லு" என்று அதட்டினான்.

அப்போது அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளைத் தொட்டது.

கந்தல் சேலை, முகமெல்லாம் கரி, தலைமுடியைப் பிய்த்துவிட்ட மாதிரி வெட்டியிருந்தாள். ஒக்லாளுக்கு அடையாளம் தெரியவே ஒரு கணம் பிடித்தது. சிபியாள்.

"நானும் இவகூடத்தான்" என்றாள் சிபியாள் எழுத்தனைப் பார்த்து. "மிக்னேயா வீட்ல மாவரைச்சவ."

எழுத்தன் பேனாவை வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துத் திருப்பினான். உள்ளங்கை பஞ்சு மாதிரி இருந்தது. ஒக்லாளின் கையையும் திருப்பிப் பார்த்தான். பிறகு ஒக்லாளிடம் கேட்டான்: "இவ சொல்றது நிஜமா?"

இருபது அடி தள்ளி, விலங்குக் கூட்டத்தில், மிக்னேயா நின்றிருந்தார். பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

ஒக்லாள் சிபியாளின் கண்ணைப் பார்த்தாள். பெயர் சொன்னால் போதும், ஒரு சொல். பாபிலோனுக்கு நாலு மாத நடை. இந்தக் கால்கள் பாதி வழி தாங்காது. அந்த ஒரு சொல் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்தது. அவளே எதிர்பார்க்காத இன்னொன்று வாயிலிருந்து வந்தது.

"மாவரைச்சவ இல்ல. இவ என்னோட அடிமை."

எழுத்தனுக்கு எது எப்படியானால் என்ன? வரிசை நீளமாக இருந்தது. 'ஒக்லாள், நெத்தோபா கிழக்குச் சரிவு, அடிமை ஒன்று' என்று எழுதி அடுத்தவரைக் கூப்பிட்டான்.

அந்த வருஷம் திராட்சை காய்த்தது போல எந்த வருஷமும் காய்த்ததில்லை. பறிக்க ஆளில்லாத நிலமெல்லாம் கொத்துக்கொத்தாகத் தொங்கியது. அத்தி தரையில் விழுந்து வெடித்தது. இரண்டு பெண்களும் விடிந்தது முதல் இருட்டும் வரை பறித்தார்கள், காயவைத்தார்கள், மிதித்தார்கள். ஒக்லாள் அடிக்கவில்லை, திட்டவில்லை. தான் தின்றதையே அவளுக்கும் வைத்தாள். ஆனால் வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. சிபியாளுக்கு முதல் பத்து நாள் அவளை எப்படிக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை. "ஏய்" என்று தொடங்கி விழுங்குவாள். ஒரு நாள் "நீங்க" என்று வந்துவிட்டது. சொன்னபிறகு அன்று முழுவதும் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எத்தனை வருசத்துக்கு?" என்று கேட்டாள் ஒரு சாயங்காலம்.

"சட்டம் ஆறு."

"அப்புறம்?"

"பத்தும் ஆகும். உனக்குத் தெரியாதா?"

சிபியாள் உலர்ந்த பழங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். என்ன நினைத்தாளோ, பாரத்தை இறக்கிவைக்க நினைத்தாளோ, குத்த நினைத்தாளோ, அவளுக்கே தெரிந்திருக்காது.

"பானையில பாதி இருந்துச்சு" என்றாள்.

ஒக்லாளின் கை நின்றது.

"படைக்காரங்க உள்ள வந்தப்ப. கட்டிலுக்கு அடியில. பாதிப் பானை அப்படியே இருந்துச்சு. நாங்க நாளுக்கு ஒரு பிடிதான் எடுத்தோம், அடுத்த மழைக்காலம் வரைக்கும் வரணும்னு கணக்குப் பண்ணி... அவங்க அதை எடுத்துட்டுப் போயி குதிரைக்கு வச்சாங்க. என் கண்ணு முன்னால. உன் பொண்ணுக்கு ஒரு பிடி குடுத்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. நான் தினமும் நினைக்கிறேன்."

ஒக்லாள் எழுந்தாள். திராட்சை ஆலையின் ஓரத்தில் அரிவாள் கிடந்தது. அவள் பார்வை அங்கே போனதை சிபியாளும் பார்த்தாள். ஓடவில்லை. கழுத்தைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் சொன்ன?" என்றாள் ஒக்லாள்.

"யாருகிட்ட சொல்லுவேன்? எனக்கு வேற யாரு இருக்கா?"

ஒக்லாள் அரிவாளையும் அந்தக் கழுத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். அவளை வெட்டினால், நாராள் இருந்ததை, அந்தச் சின்ன விரல்களை, நினைவில் வைத்திருக்கிற இன்னொரு ஆள் பூமியில் இருக்கமாட்டாள். அந்த யோசனை வந்ததே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"என் மூஞ்சியில முழிக்காத. மேல் படிக்குப் போயி வேலையப் பாரு" என்றாள்.

அந்த வாரமே செய்தி வந்தது. இங்கே மிஞ்சியவர்களை ஆளப் பாபிலோன் நியமித்த தலைவரை நம்மவர்களே விருந்தில் வைத்துக் குத்திக் கொன்றுவிட்டார்கள். கல்தேயன் பழிவாங்க வருவான். இருக்கிறவர்கள் எல்லோரும் எகிப்துக்கு ஓடுகிறார்கள். நெத்தோபாவின் அடிவாரப் பாதையில் கழுதையும் மூட்டையும் குழந்தைகளுமாகக் கூட்டம் தெற்கே போய்க்கொண்டிருந்தது. தெரிந்த ஒருத்தி கீழே இருந்து கூவினாள்: "ஒக்லா! என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? மிச்சமிருக்கிற உயிரையாச்சும் காப்பாத்திக்க! வா!"

ஒக்லாள் கரைமேல் நின்றாள். போயிருக்க வேண்டிய நாள் ஒன்று இருந்தது. இந்தக் கொடிகளுக்காகத்தான் அன்று போகவில்லை, பிள்ளையைப் போகவும் விடவில்லை. இனிமேல் எந்த முகத்தோடு இதை விட்டுப் போவது? "நீ போ" என்று கையை அசைத்தாள்.

திரும்பியபோது சிபியாள் குடிசையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தாள். தோளில் ஒரு துணி மூட்டை. உலர்ந்த அத்திப்பழம், மழைக்காலத்துக்கென்று சேர்த்ததில் பாதி இருக்கும். ஒக்லாள் பார்ப்பதைப் பார்த்ததும் மூட்டையை இரண்டு கையாலும் மார்போடு இறுக்கிக்கொண்டாள். உள்ளங்கை காய்த்திருந்தது.

ஒக்லாள் அவள் போகிற வழியை விட்டு ஒதுங்கினாள்.

சிபியாள் சரிவில் தடுமாறி இறங்கிக் கூட்டத்தில் கலந்தாள். திரும்பிப் பார்த்தாளா என்று ஒக்லாள் கவனிக்கவில்லை. ஆலைத் தொட்டியில் காலையில் பறித்துப்போட்ட பழம் வெயிலில் சூடேறிக்கொண்டிருந்தது; இன்றைக்கே மிதிக்காவிட்டால் புளித்துக் கெட்டுவிடும். இரண்டு பேர் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு மிதிக்கிற தொட்டி அது. அவள் சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு உள்ளே இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு மிதிக்க ஆரம்பித்தாள்.